வாக்காளருக்கு மட்டும் தெரியாத பணம்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போட்டியிடும் ஒருவருக்கு, ஓஹியோ மாநிலத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆக்ட்புளூ என்ற நன்கொடைத் தளம் வழியாக 25 டாலர் அனுப்பினால், அவருடைய பெயரும் முகவரியும் தேர்தல் ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் அதைத் தேடி எடுக்கலாம். அதே வேட்பாளரை ஜெயிக்கவைக்க ஒரு பெருஞ்செல்வர் 50 லட்சம் டாலரை லாபநோக்கற்ற சங்கம் ஒன்றுக்குக் கொடுத்து, அந்தச் சங்கம் அதை ஒரு தேர்தல் விளம்பரக் குழுவுக்குக் கைமாற்றினால், பதிவேட்டில் சங்கத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். இரண்டுமே சட்டப்படி நடப்பவை. 25 டாலரால் எந்தக் காங்கிரஸ் உறுப்பினரையும் வளைக்க முடியாது. 50 லட்சத்தால் முடியும். நன்கொடையாளர் பெயரை வெளியிடும் சட்டத்தை நியாயப்படுத்துவது ஒன்றே ஒன்றுதான்: தன் பிரதிநிதி யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை வாக்களிக்கும் முன் வாக்காளர் அறிய வேண்டும். அந்த நோக்கத்தை வைத்து அளந்தால் அமெரிக்கச் சட்டம் இன்று தலைகீழாக நிற்கிறது. கீழே அது தளர வேண்டும், மேலே ஊடுருவ வேண்டும், தேர்தல் நாளுக்கு முன்பே பேச வேண்டும். இதைத்தான் இந்தக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

இந்தச் சட்டத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. 1907இல் டில்மன் சட்டம், மத்தியப் பதவிகளுக்கான தேர்தல்களில் நிறுவனங்கள் பணம் தருவதைத் தடைசெய்தது. 1910இல் வந்த சட்டம் பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் கட்சிக் குழுக்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. மறு ஆண்டே அது செனட்டுக்கும் விரிந்தது. டீபாட் டோம் எண்ணெய் ஊழலுக்குப் பின் 1925இல் இவை திரட்டி எழுதப்பட்டன. எழுத்தில் அது கடுமையான சட்டம். நடப்பில், கணக்குகள் சபைச் செயலாளர்களின் அலுவலக அலமாரிகளுக்குப் போயின. இரண்டு ஆண்டு கழிந்ததும் அவற்றை வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் குழு பெரும்பாலும் கணக்கே காட்ட வேண்டியதில்லை. ஆதரவாளர்கள் தனக்குத் தெரியாமல் செலவழித்தார்கள் என்று வேட்பாளர் சொல்லிவிட்டால் அந்தச் செலவு அவர் தலையில் விழாது. அந்தச் சட்டத்தில் சட்டத்தைவிட ஓட்டைகளே அதிகம் என்று 1967இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனே காங்கிரசிடம் முறையிட்டார். 1968 தேர்தலை ஒட்டிப் பிரதிநிதிகள் சபையின் செயலாளர் பாட் ஜென்னிங்ஸ், விதி மீறியவர்களின் பட்டியலை நீதி அமைச்சகத்துக்கு அனுப்பினார். அமைச்சகம் அசையவில்லை. வெளியிடு என்று கட்டளையிடும் சட்டம் வேறு, வெளியிடவைக்கும் சட்டம் வேறு என்பதற்கு அந்த ஐம்பது ஆண்டுகளே போதிய சான்று.

பல் உள்ள சட்டம் 1972 பிப்ரவரியில்தான் கையொப்பமாகி, ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த இடைவெளியில் நடந்தது கவனித்துப் பார்க்க வேண்டியது. ஜனாதிபதி நிக்சனின் நிதி திரட்டுநர்கள், ஏப்ரல் 7க்கு முன் கொடுத்தால் பெயர் வெளியே வராது என்று பெரிய நன்கொடையாளர்களிடம் சொல்லிப் பணத்தைக் குவித்தார்கள். திரண்டது ஏறக்குறைய 2 கோடி டாலர். காமன் காஸ் என்ற மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்த பிறகே, நிக்சன் மாபெரும் வெற்றி பெற்று ஓராண்டு நெருங்கும் வேளையில், அந்தப் பட்டியல் முழுமையாக வெளிவந்தது. சட்டவிரோதமான நிறுவனப் பணமும் அதில் இருந்தது. பெயர் வெளிவரும் என்ற அச்சமே பணத்தின் போக்கை மாற்றும் வலிமை கொண்டது என்பதையும், தேதியைக் கொண்டே சட்டத்தை ஏமாற்றலாம் என்பதையும் அந்த நிகழ்வு ஒருசேரக் காட்டியது. வாட்டர்கேட் ஊழலின் சூட்டில் 1974இல் நன்கொடை உச்சவரம்புகளும், ஆறு உறுப்பினர் கொண்ட தேர்தல் ஆணையமும் வந்தன. 1976 ஜனவரியில் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், செலவுக்கான உச்சவரம்பைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று ரத்துசெய்தது. நன்கொடை வரம்பையும் வெளியிடும் கடமையையும் நிலைநிறுத்தியது. வாக்காளருக்குத் தகவல், ஊழலுக்குத் தடை, வரம்புமீறலைக் கண்டுபிடிக்க ஆதாரம் ஆகிய மூன்றையும் அது காரணமாகக் காட்டியது.

வேட்பாளரின் சொந்தக் கணக்கைப் பொறுத்தவரை இன்றைய ஏற்பாடு உலகத் தரத்தில் சிறந்தது என்றே சொல்வேன். 2025-26 தேர்தல் சுற்றில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை தரலாம். கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தனித் தேர்தலாகவே கணக்கிடப்படும். ஒரு தேர்தல் சுற்றில் 200 டாலரைத் தாண்டும் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொழில், பணியிடம் அனைத்தும் காலாண்டு அறிக்கையில் வர வேண்டும். தேர்தலுக்கு 12 நாள் முன்பு தனி அறிக்கை ஒன்று உண்டு. வாக்குப்பதிவு நெருங்கும் கடைசி 20 நாட்களுக்குள் 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 48 மணி நேரத்தில் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அறிக்கையிலுள்ள பெயர்களை எடுத்துப் பணம் திரட்டப் பயன்படுத்துபவர்களைப் பிடிக்க, ஒவ்வொரு அறிக்கையிலும் பத்து பொய்ப் பெயர்கள் வரை சேர்த்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. அவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். செனட் மட்டும் வெகுகாலம் முரண்டு பிடித்தது. பிரதிநிதிகள் சபை வேட்பாளர்கள் 2001 முதல் கணினிக் கோப்பாகத் தாக்கல் செய்துவந்தபோது, செனட் வேட்பாளர்கள் 2018 செப்டம்பர் வரை காகிதத்தில் கொடுத்தார்கள். அரசு செலவு செய்து அவற்றைத் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டியிருந்தது.

கோளாறு வேட்பாளரின் கணக்குக்கு வெளியே இருக்கிறது. 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தனியாகச் செலவழிக்க வரம்பில்லை என்றது. இரு மாதம் கழித்து ஸ்பீச்நவ் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படித் தனியாகச் செலவழிக்கும் குழுக்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் வரம்பில்லை என்றது. சூப்பர் பேக் எனப்படும் குழுக்கள் பிறந்தது இப்படி. சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பை வெறுப்பவர்களும் போற்றுபவர்களும் அதில் ஒரு பகுதியை மறந்துவிடுகிறார்கள். செலவு வரம்பில் 5-4 எனப் பிளந்த நீதிமன்றம், வெளிப்படுத்தல் விதிகள் செல்லும் என்பதில் 8-1 என்று ஒன்றுபட்டது. மாறுபட்டவர் நீதிபதி தாமஸ் ஒருவரே. இணையத்தின் உதவியால் யார் பணம் யாருக்குப் போகிறது என்பது உடனுக்குடன் குடிமக்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் வரம்பில்லாத செலவைத் தாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையின் மேல்தான் நீதிபதி கென்னடி அந்தத் தீர்ப்பைக் கட்டினார். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமே செய்யப்படவில்லை.

அதை மூன்று வழிகளில் பார்க்கலாம். முதலாவது நாட்காட்டி. கடைசி 20 நாட்களில் வேட்பாளருக்கு 1,000 டாலர் வந்தால் 48 மணி நேரக் கெடு என்றேன். அதே நாட்களில் ஒரு சூப்பர் பேக்குக்கு 10 லட்சம் டாலர் வந்தால் அந்தக் கெடு இல்லை. விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தது என்பதை அது 24 மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். பணம் கொடுத்தது யார் என்பதை அடுத்த வழக்கமான அறிக்கையில், அதாவது வாக்கு எண்ணி முடிந்த பிறகு, சொன்னால் போதும். 2017 டிசம்பர் 12 அன்று அலபாமாவில் நடந்த செனட் இடைத்தேர்தலில், அந்த மாநிலத்து நெடுஞ்சாலை ஒன்றின் பெயரைச் சூடிக்கொண்ட ‘ஹைவே 31’ என்ற குழு திடீரென முளைத்து, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டக் ஜோன்சுக்கு ஆதரவாக 40 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. உள்ளூர்க்காரர்கள் கூடிச் செய்த வேலை போன்ற தோற்றம். விளம்பர வேலைகளைக் கடனாக வாங்கிக்கொண்டதால் தேர்தலுக்கு முந்தைய அறிக்கையில் நன்கொடையாளர் என்று எவரையும் காட்ட வேண்டிய அவசியம் எழவில்லை. பின்னால் இருந்தது வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சி செனட் தலைமைக்கு நெருக்கமான செனட் மெஜாரிட்டி பேக் என்பது தேர்தலுக்குப் பிறகு பதிவேட்டில் ஏறியது. 2018இல் மேற்கு வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சியின் பிரைமரியில், நிலக்கரி முதலாளி டான் பிளாங்கன்ஷிப்பைத் தோற்கடிக்க இதே முறையை மறுதரப்பும் கையாண்டது. இந்த உத்திக்குக் கட்சி பேதம் இல்லை.

இரண்டாவது வழி கைமாற்றம். வரிச் சட்டத்தின் 501(சி)(4) பிரிவில் பதிவாகும் சமூகநலச் சங்கங்கள், அரசியலே தம் முதன்மை வேலை இல்லை என்று காட்டிக்கொள்ளும்வரை, நன்கொடையாளர் பெயரைப் பொதுவில் சொல்ல வேண்டியதில்லை. குடியரசுக் கட்சிப் பக்கம் ஒன் நேஷன், ஜனநாயகக் கட்சிப் பக்கம் மெஜாரிட்டி ஃபார்வர்ட் என்று, செனட் தேர்தல்களில் இறங்கும் பெரிய சூப்பர் பேக்குகள் ஒவ்வொன்றுக்கும் இப்படியொரு சகோதரச் சங்கம் உண்டு. 2024 மத்தியத் தேர்தல்களில் இவ்வாறு மூலம் தெரியாமல் புழங்கிய பணம் சுமார் 190 கோடி டாலர் என்று பிரென்னன் மையம் கணக்கிட்டது. மூன்றாவது வழி பெயர். இங்கே எதுவும் சட்டப்படி மறைக்கப்படுவதில்லை. ஆனால் வாக்காளர் கண்ணுக்கு எதுவும் தெரிவதும் இல்லை. 2024இல் ஓஹியோவில் செனட் வங்கிக் குழுத் தலைவர் ஷெரட் பிரவுனை வீழ்த்த சுமார் 4 கோடி டாலர் செலவழித்தது, ‘அமெரிக்க வேலைகளைக் காப்போம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட குழு. அதன் தாய்க்குழுவான ஃபேர்ஷேக்குக்குப் பணம் கொடுத்தவை காயின்பேஸ், ரிப்பிள் போன்ற கிரிப்டோ நிறுவனங்கள். விளம்பரங்களில் கிரிப்டோ என்ற சொல்லே இல்லை. பதிவேட்டைத் தோண்டிய செய்தியாளருக்கு உண்மை தெரியும். தொலைக்காட்சி பார்த்த வாக்காளருக்குத் தெரியாது.

இந்த மறைப்பு யாருக்கு எதிரானது என்ற கேள்வியில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. பணம் அரசியல்வாதியைக் கட்டிப்போட வேண்டுமானால், கொடுத்தது யார் என்று அரசியல்வாதிக்குத் தெரிய வேண்டும். இதை நேர்மாறாகத் திருப்பி, பேராசிரியர்கள் புரூஸ் ஆக்கர்மனும் இயன் அயர்ஸும் 2002இல் ஒரு துணிச்சலான யோசனை சொன்னார்கள்: வாக்கு இரகசியமாக இருப்பதால் வாக்கை விலைக்கு வாங்குவது கடினமானதுபோல, நன்கொடையையும் வேட்பாளரே அறியாதபடி ஓர் இடைநிலைக் கணக்கில் போட்டு அனுப்பலாம்; நன்றிக்கடன் யாருக்கு என்று தெரியாமல்போனால் கைம்மாறும் நடக்காது. வேட்பாளர் கையில் நேரே சேரும் பணத்துக்கு இது மதிக்கத்தக்க மாற்றுவழி. அந்த ஏற்பாட்டில் இரகசியம் அரசியல்வாதியின் கண்ணைக் கட்டுகிறது. இன்று நடைமுறையில் உள்ள இரகசியமோ வாக்காளரின் கண்ணை மட்டும் கட்டுகிறது. சங்கத்துக்குப் பணம் கொடுத்தவர், தான் கொடுத்ததை உரியவர் காதில் போட எந்தத் தடையும் இல்லை. கட்சித் தலைவர்களின் முன்னாள் உதவியாளர்களே அந்தச் சங்கங்களை நடத்துகிறார்கள். முழு வெளிச்சத்தில் வாக்காளர் தண்டிக்கலாம். முழு இருளில் பேரம் நடக்காது. அமெரிக்கச் சட்டம் இரண்டுக்கும் நடுவே, பேரம் நடக்கவும் தண்டனை நடக்காதிருக்கவும் தோதான இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பணம் என்ன வாங்குகிறது என்பதற்கும் சான்று உண்டு. ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 2016இல் வெளியிட்ட கள ஆய்வில், 191 காங்கிரஸ் அலுவலகங்களில் சந்திப்புக்கு நேரம் கேட்கப்பட்டது. வருபவர்கள் அந்தத் தொகுதி மக்கள் என்று மட்டும் சில அலுவலகங்களுக்குச் சொல்லப்பட்டது. நன்கொடை அளித்தவர்கள் என்று மற்றவற்றுக்குச் சொல்லப்பட்டது. நன்கொடையாளர் என்று அறிந்த இடங்களில் உறுப்பினரோ மூத்த அதிகாரியோ நேரில் சந்திக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. சாதாரண நன்கொடையாளர் என்ற அடையாளத்துக்கே இவ்வளவு கதவு திறக்குமென்றால், கோடிகளைக் கொடுத்தவருக்கு எவ்வளவு திறக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ நிறுவனத்தின் சாம் பேங்க்மன்-ஃபிரைட் 2022 தேர்தலில் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிப் பக்கம் பகிரங்கமாகக் கொடுத்தார். நிறுவனம் சரிந்த பிறகு, குடியரசுக் கட்சிப் பக்கமும் ஏறக்குறைய அதே அளவு கொடுத்ததாகவும், செய்தியாளர்கள் கோபப்படுவார்கள் என்பதால் அதைப் பெயர் தெரியாத வழிகளில் செலுத்தியதாகவும் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். பொதுமக்களின் பார்வைக்கு அஞ்சி மறைத்தேன் என்று கொடுத்தவரே ஒப்புக்கொள்ளும்போது, வெளிப்படுத்தல் வெறும் சடங்கு என்ற பேச்சு எடுபடாது.

எதிர்வாதங்களில் மிகக் கனமானது அச்சுறுத்தல் பற்றியது. அதைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்குவது நேர்மையல்ல. 1950களில் அலபாமா அரசு, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபியின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. கொடுத்திருந்தால் வேலை போயிருக்கும், வீடு எரிந்திருக்கும். 1958இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டியலைக் காத்தது அமெரிக்க நீதி வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்களுள் ஒன்று. 1982இல் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்கும் அதே பாதுகாப்பு கிடைத்தது. தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் கலிஃபோர்னியாவின் 2008 வாக்கெடுப்புக்குச் சிறு தொகை கொடுத்த பலரை, இணையத்தில் வரைபடம் போட்டு அடையாளம் காட்டினார்கள். ரிக்கார்டோ பெரெஸ்-துருக்லியா, கியேர்மோ குரூசெஸ் இருவரின் ஆய்வு, நன்கொடை அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும் என்று உணர்ந்தபோது உள்ளூரில் சிறுபான்மையாக இருக்கும் கட்சியின் ஆதரவாளர்கள் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டதாகக் காட்டியது. எனவே அச்சம் மெய்யானது. ஆனால் அது எந்தத் தொகைக்கு மெய்யானது என்று பார்க்க வேண்டும். மேற்கண்டவர்கள் அனைவரும் எளிய உறுப்பினர்கள் அல்லது சிறு நன்கொடையாளர்கள். 200 டாலர் எல்லை 1979இல் வைக்கப்பட்டது. இன்றைய மதிப்பில் அது 800 டாலருக்கு மேல். நன்கொடை உச்சவரம்பை விலைவாசியோடு உயர்த்தும் சட்டம், வெளியிடும் எல்லையை மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அசைக்கவில்லை. ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற இடைத்தரகுத் தளங்களில் அந்த எல்லைகூட மறைந்து, பத்து டாலர் கொடுத்தவரும் அம்பலமாகிறார். எல்லையை ஆயிரம் டாலருக்கு உயர்த்துவதும், தெருவையும் வீட்டு எண்ணையும் நீக்கி ஊரை மட்டும் காட்டுவதும், தளங்கள் வழி வரும் சிறுதொகைகளை மொத்தமாகக் காட்டுவதும் அச்சத்துக்கு நேரடி மருந்து. ஒரு மாநிலத்தின் தொலைக்காட்சி நேரத்தையே விலைக்கு வாங்குபவர், என்ஏஏசிபியின் அலபாமா உறுப்பினர் நின்ற இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு பாதுகாப்புக் கேட்பது அந்த வரலாற்றுக்கு இழைக்கும் அநியாயம்.

யாரும் படிப்பதில்லை என்பது அடுத்த வாதம். இதற்கு ஜார்ஜ் சாண்டோசைக் காட்டுவார்கள். 2022இல் நியூயார்க்கின் மூன்றாம் தொகுதியில் வென்ற அவருடைய அறிக்கைகளில், ரசீது கட்டாயமாகும் 200 டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக, 199.99 டாலர் என்ற செலவு மீண்டும் மீண்டும் வந்தது. இல்லாத 5 லட்சம் டாலர் கடனும் பொய் நன்கொடைகளும் அவற்றில் இருந்தன என்பதை அவருடைய பொருளாளரே பிறகு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உள்ளூர் வார இதழ் ஒன்று தேர்தலுக்கு முன்பே அவருடைய நிதி விவரங்களைச் சந்தேகித்து எழுதியும், பெரிய பத்திரிகைகள் விழித்தது வாக்குப்பதிவு முடிந்த பிறகே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த அறிக்கைகள்தாம் குற்றச்சாட்டுக்கு அடித்தளமாயின. 2023 டிசம்பர் 1 அன்று 311-114 என்ற வாக்கில் சபை அவரை வெளியேற்றியது. பொய்க் கணக்கு எழுதக் காரணம், கட்சித் தலைமையிடம் பணபலமுள்ள வேட்பாளராகத் தெரிந்து அதன் உதவியைப் பெறுவதே என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆக, அறிக்கைகளைப் படிப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். வாக்காளர் ஒவ்வொருவரும் பதிவேட்டைப் புரட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விளம்பரத்திலேயே முதன்மைப் புரவலர்களின் பெயரைக் காட்டினால் போதும். முகமற்ற குழுவின் தாக்குதல் விளம்பரத்துக்கு இருக்கும் நம்பகத்தன்மை, பின்னிருக்கும் நன்கொடையாளர் தெரிந்தவுடன் குறைகிறது என்று டிராவிஸ் ரிடவுட், மைக்கேல் ஃபிரான்ஸ், எரிகா ஃபிராங்க்லின் ஃபவுலர் மூவரும் நடத்திய சோதனை 2015இல் காட்டியது.

ஓர் ஓட்டையை அடைத்தால் பணம் இன்னொன்றைத் தேடும் என்பார்கள். தேடும்தான். அதனால்தான் கொடுத்த சங்கத்தின் பெயரோடு நிற்காமல், பணம் முதலில் யாருடைய வருமானமாகப் பிறந்தது என்பதுவரை பின்தொடரும் விதி வேண்டும். இது கற்பனை இல்லை. 2022 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள் 72 விழுக்காடு ஆதரவோடு அப்படியொரு சட்டத்தை மாநிலத் தேர்தல்களுக்கு இயற்றினார்கள். பெரிய அளவில் விளம்பரம் செய்யும் குழு, 5,000 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் மூலத்தைக் காட்ட வேண்டும்; தன் பணம் தேர்தலுக்குப் போவதை விரும்பாத நன்கொடையாளர் விலகிக்கொள்ள முன்கூட்டியே அவகாசம் தரப்படும். அறச்செயலுக்குக் கொடுத்தவர் அறியாமல் அரசியலில் மாட்டிக்கொள்வார் என்ற கவலைக்கு அந்த அவகாசமே பதில். 2021இல் உச்ச நீதிமன்றம், கலிஃபோர்னியா அரசு அறக்கட்டளைகளின் நன்கொடையாளர் பட்டியலை ஒட்டுமொத்தமாகக் கேட்டதை 6-3 என்று தள்ளுபடி செய்தபோது, நோக்கத்துக்குப் பொருத்தமாக விதியைக் குறுக்க வேண்டும் என்றது. தேர்தல் விளம்பரத்துக்குச் செலவான பெரிய தொகையை மட்டும் பின்தொடரும் விதி அந்தத் தேர்வில் தேறக்கூடியது.

விதி எதுவாக இருந்தாலும் அதைச் செயல்படுத்துவது ஆறு பேர் கொண்ட ஆணையம். ஒரே கட்சியிலிருந்து மூவருக்கு மேல் இருக்கக்கூடாது. எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்குகள் வேண்டும். 3-3 என்று முட்டிக்கொண்டு புகார்கள் கிடப்பில் போவது வாடிக்கை. 2008இலும், 2019-20இலும் முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையம் முடங்கியது. 2025 மே மாதத் தொடக்கத்தில் மறுபடியும் முடங்கியது. பெரிய நன்கொடைகளின் மூலத்தைக் காட்டச் சொல்லும் டிஸ்குளோஸ் மசோதா 2010இல் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது. அந்தச் செப்டம்பரில் செனட்டில் 59-39 வாக்குகள் பெற்று, விவாதத்தை முடிக்கத் தேவையான 60க்கு ஒன்று குறைந்து நின்றது. 2022இல் 49-49. முழு மசோதா நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. வேட்பாளருக்கு உள்ள 48 மணி நேரக் கெடுவை, தேர்தல் விளம்பரம் செய்யும் ஒவ்வொரு குழுவுக்கும், அது வாங்கும் பெரிய நன்கொடைக்கும் கடனுக்கும் சேர்த்து நீட்டுவது. கூடவே 200 டாலர் எல்லையை உயர்த்துவது. முதலாவது மறைவாகச் செலவழிக்கும் இரு கட்சிப் பெரும்புள்ளிகளையும் சமமாகத் தொடும். இரண்டாவது தனியுரிமை பற்றிப் பேசுபவர்களின் நியாயமான கோரிக்கையை நிறைவேற்றும். இதற்கு அரசியல் சட்டத் திருத்தமோ சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பைப் புரட்டிப்போடுவதோ தேவையில்லை. அந்தத் தீர்ப்பில் எட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்ட பகுதியே இதற்குப் போதும்.